எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்காக

அன்பும் பண்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் அலி அக்பருக்கு, உன் கூடப்பிறந்த லாத்தாவைக் கட்டிய பாவத்துக்கு பீர்க்கண்ணு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான், உன் லாத்தா கதீஜா பீவி, மருமகள் முப்ஷிரா, பூனை எல்லோரும் சுகம். அங்கு நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவும், உன் கொலஸ்ட்ரால் அளவோடு இருக்கவும் துஆச் செய்கிறேன்.

சுகம் என்று எழுதியது வழக்கத்துக்காக. எனக்குச் சுகமில்லை. ஆகையால் இந்தக் கடிதம் கண்டதும் எனக்கு ஒரு விசா ஏற்பாடு செய்யவும். என்ன வேலையானாலும் சரி. வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் போனில் சத்தத்தைக் கூட்டியே வைத்திருக்கிறேன். நீ பதில் பேசி அனுப்பினால் அது எனக்குக் கேட்பதற்கு முன்னால் அடுக்களைக்குக் கேட்டுவிடும். அதனால்தான், அங்கிருந்து லீவில் வந்த நம் தெரு சபீர் வெள்ளிக்கிழமை திரும்பிப் போகும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் வைத்து இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கோபப்படாமல் கேள். உன் லாத்தாவோடு நான் சேர்ந்தாற்போல இரண்டு மாதத்துக்கு மேல் இருந்ததே கிடையாது. இருபத்தொன்பது வருடமும் வளைகுடாவிலிருந்து லீவில் வருவேன், விருந்தாளி மாதிரி வறுத்த மீன் தின்பேன், போய்விடுவேன். ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் இந்த வீட்டில் போக்குவரத்து எவ்வளவு சீர்கெட்டுக் கிடக்கிறது என்று தெரிகிறது. அடுக்களைக்கு ஒரே வாசல். அதில் கொதிக்கிற குழம்போடு ஒருத்தி வருகிறாள், வெறுங்கையோடு இன்னொருத்தி போகிறாள், நடுவில் பூனை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தொன்பது வருடம் இருந்தவன் நான். அங்கே நான் போட்டது சாயாதான், ஒப்புக்கொள்கிறேன், விசா எடுத்துக் கொடுத்த உன்னிடம் மறைக்க முடியுமா. ஆனால் சாயா போடுகிறவனுக்குக் காது கிடையாதா? (அப்போது நன்றாகவே கேட்கும்.) உள்ளே வருகிறவனுக்கு முதல் வழி, வெளியே போகிறவன் காத்திருக்க வேண்டும், அவனவன் தன் வலப்பக்கத்தை ஒட்டிப் போக வேண்டும், துறைமுக வாய்க்குள் ஒருத்தனை ஒருத்தன் முந்தக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத திருப்பத்தில் நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். ஆகவே அடுக்களை வாசலில் சுண்ணாம்பால் நடுக்கோடு போட்டேன். திரும்பும்போது தொண்டையைச் செருமும்படி முப்ஷிராவிடம் சொன்னேன். அவள் நல்ல பிள்ளை, இரண்டு நாள் செருமினாள். மூன்றாம் நாள் அவளுக்கு இருமல் என்று உன் லாத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, விஷயம் வெளியே வந்துவிட்டது.

“நாளையிலருந்து காலம்பற சாயா குடிச்சா வெளிய எறங்கணும். உச்சைக்குச் சோறு திங்கத்தான் உள்ள வரணும். மனசிலாச்சா?” என்றாள் உன் லாத்தா.

மனசிலாகாமல் என்ன. அப்படி இறங்கி நடந்த இடத்தில்தான் விசைப்படகுச் சங்கத் தலைவர் ஜாஸ்பரைப் பார்த்தேன். நம் துறைமுக வாய் உனக்குத் தெரியும், மணல் ஏறிக் குறுகிவிட்டது, ஒரே நேரத்தில் இரண்டு படகு போக முடியாது. விடியற்காலையில் வருகிற படகும் போகிற படகும் மூக்கோடு மூக்கு முட்டி நின்று, ஒருத்தன் அம்மாவை இன்னொருத்தன் விசாரிப்பான். நான் சட்டம் எல்லாவற்றையும் ஜாஸ்பரிடம் ஒப்பித்தேன். அவர் அசந்துபோய், அண்ணன் முறை வைத்து, “காக்கா, நீங்க அங்க பெரிய ஆப்பீசரா?” என்று கேட்டார். நான் பணிவாகச் சிரித்தேன். பத்து நாள் நின்று பாருங்கள், சரியாக வந்தால் நிரந்தரம் என்று சொல்லி ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி கொடுத்தார்.

முதல் நான்கு நாள் நீ பார்த்திருக்க வேண்டும். அலைத்தடுப்புச் சுவரின் நுனிப் பாறையில் நான். மீனோடு வருகிற படகுக்குப் பச்சை, போகிற படகுக்குச் சிவப்பு. வேகமாகப் போய் அலையைக் கிளப்பிச் சின்ன வள்ளங்களைக் கவிழ்க்கப் பார்த்த ஒருவனை நான் கையைக் காட்டி மெதுவாகப் போக வைத்தேன். யாருக்கும் அடங்காத பக்கத்து ஊர் இனயத்துப் படகுக்காரர்கள்கூட வரிசையில் நின்றார்கள். யாரும் யாருடைய அம்மாவையும் விசாரிக்கவில்லை. உச்சைக்கு வீட்டுக்குப் போனால் உன் லாத்தா கேட்காமலே இரண்டாவது மீன் துண்டு வைத்தாள். ஐந்தாம் நாள் ஜாஸ்பர் மகிழ்ந்து என் கையில் வயர்லெஸ் கொடுத்தார். வினை அதில்தான் வந்தது.

முதலில் வெளியே போனது ஜெரிஷின் படகு. வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்ததும் என் நாக்கு வளைகுடாவுக்குப் போய்விட்டது. அங்கே வெளியேறுகிற ஒவ்வொரு கப்பலிடமும் மூன்று கேள்வி கேட்பார்கள். நானும் கேட்டேன்.

“படகின் பெயர்?”

“காக்கா, இது நான் ஜெரிஷில்லா?”

“ஆட்கள் எத்தனை?”

“ஒம்பது.”

“எங்க போறிய?”

அவன் எஞ்சினை நிறுத்திவிட்டான். சிக்னல் சரியில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாக, “எங்க போறிய? எங்க போறிய?” என்று இரண்டு முறை கேட்டேன். வெளியே இறங்குகிறவனைப் பார்த்து அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அது வீட்டு வாசலில் நிற்கிற பீர்க்கண்ணுவுக்குத் தெரியும், வயர்லெஸ் பிடித்த பீர்க்கண்ணுவுக்கு எப்படித் தெரியும்? அதுவும் எல்லாப் படகிலும் ஒரே சேனல். நான் ஜெரிஷிடம் கேட்ட கேள்வி ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று படகையும் கேட்டுவிட்டது.

நாற்பத்து மூன்றும் திரும்பிவிட்டன. சகுனம் கெட்டால் வீட்டுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தானே மறுபடி இறங்குவார்கள். அதற்குள் மீனோடு வந்த படகுகள் வாய்க்கு வெளியே வந்து நின்றன. எனக்குக் குழப்பம். உள்ளே வருகிறவனுக்கு முதல் வழி என்பது சட்டம். திரும்புகிறவனும் உள்ளேதானே வருகிறான்? ஆகவே திரும்பியவர்கள் எல்லோருக்கும் பச்சை காட்டி, மீன்காரர்களுக்குச் சிவப்பு காட்டினேன். வெயில் ஏறியது, ஐஸ் உருகியது, கருங்கல் ஊர்ச் சந்தையில் அன்று கருவாடுதான் விற்றதாம். கரையில் ஜெரிஷின் பெண்டாட்டி ஜினி, “கடலுக்குப் போன மனுசன் வெள்ளம் குடிக்க வீட்டுக்கு வாறாரே, ஒங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாதா காக்கா?” என்று சங்கக் கட்டடம் வரை கேட்கும்படி கத்தினாள்.

ஜாஸ்பர் பாறைமேல் ஏறி வந்தார். “எறங்குறவனப் பாத்து எங்க போறியன்னு கேக்கலாமா காக்கா?”

“நான் கேக்கல்ல. கட்டுப்பாட்டு அறை கேட்டுது” என்றேன்.

“எந்த அறை? நீங்க பாறையிலல்லா நிக்கிய?”

சரி, இனி அதைக் கேட்க மாட்டேன், எப்ப வருவிய என்று மட்டும் கேட்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். கூட வந்த நான்கு பேர் தலையில் கை வைத்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல ஜாஸ்பர் வயர்லெஸ்ஸைப் பைய வாங்கிக்கொண்டார். கொடிகளையும்.

இது நடந்து ஆறு நாளாகிறது. தெருவில் இறங்க முடியவில்லை. எதிரே வருகிறவர்கள் நான் வாயைத் திறப்பதற்குள் “வீட்டுக்குத்தான் காக்கா, வீட்டுக்குத்தான்” என்று சொல்லிக்கொண்டே ஓடுகிறார்கள். ஆகவே வீட்டுக்குள்ளேயே, ஒரு வார்த்தை பேசாமல், சாளை மீன் கழுவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், வெட்கமாக இருக்கிறது. அங்கே இருந்த காலமெல்லாம் வீட்டை நினைத்து அழுதேன். வீட்டுக்கு வந்தால் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அந்த நான்கு நாள் காலையிலும் எனக்கென்று நிற்க ஒரு பாறை இருந்தது, அதுவும் போயிற்று. பாஸ்போர்ட் இன்னும் மூன்று வருடம் செல்லும், அலமாரியில்தான் இருக்கிறது. பழைய அறையில் சாயா போடுகிறவன் யாராவது ஓய்வு பெறுகிறானா என்று விசாரி.

உன் வீட்டாருக்கு என் ஸலாம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்தக் காலத்திலும் வயர்லெஸ் தொடாத வேலைக்குப் போக வல்ல நாயன் அருள்புரிவானாக.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
பீர்க்கண்ணு

பின்குறிப்பு: தம்பி அக்பரே, இது லாத்தா எழுதுவது. சிப்ஸ் கட்டும்போது இந்தக் கடிதம் கையில் கிடைத்தது, முழுக்கப் படித்தேன். நாற்பத்து மூன்று படகு என்பது பொய், பதினொன்றுதான். முப்ஷிராவுக்கு இருமல் ஒன்றும் இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல்தான் நான் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். நீ விசா எடுக்காதே. பாஸ்போர்ட் அலமாரியில் இல்லை, என் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். உச்சை வரைக்கும் வெளிய நில்லுங்கன்னுதான் உன் மச்சான் இவியகிட்ட சொன்னேன், கடலுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கன்னா சொன்னேன்? இருபத்தொன்பது வருசம் இந்த அடுக்களை வாசலில் எனக்குக் குறுக்கே வர ஆள் இல்லாமல் இருந்தது போதும். இவிய புறக்கடையில் சாளை கழுவிக்கொண்டிருந்தபோது ஜாஸ்பர் நேற்றே வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். இவிய நிற்காத நாளில் இரண்டு படகு முட்டிக்கொண்டதாம், ஆளுக்கு ஒன்றும் இல்லை. கொடி மட்டும் காட்டட்டும், வாயைத் திறக்க வேண்டாம், திங்கட்கிழமையிலிருந்து வரச்சொல்லுங்கள் என்றார். நான் இன்னும் இவியகிட்ட சொல்லவில்லை. ஆறு நாளாகப் பேசாமல் சாளை கழுவித் தருகிற மனுசனை இனி எப்போது பார்க்கப் போகிறேன்? திங்கட்கிழமை வரைக்கும் இப்படியே இருக்கட்டு.