பிராந்து தொல்லை

வாயில் பற்பசை நுரையோடு டில்லிபாபு மொட்டைமாடிக்கு ஓடி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கோழிக்குஞ்சுகளில் ஒன்று பருந்தின் காலில் தொங்கிக்கொண்டு மணிக்கூண்டு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. தாய்க்கோழி அவனைப் பார்த்த பார்வையில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

கோழியும் குஞ்சுகளும் மனைவி மணிமொழியின் உயிர். தங்கச்சி வளைகாப்புக்குத் தாம்பரம் கிளம்பும்போதே அவள் வாசலில் நின்று எச்சரித்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வருவேன். கூண்டுல அடைக்காத, சொணங்கிடும். ஓடியாடித் திரியட்டும். எல்லாத்தயும் பிராந்துக்குக் குடுத்துட்டு நின்ன, அப்டியே எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

"கவட்ட வெச்சி அட்ச்சிடறேன்."

"அடிப்பியா? பெருமாள் வண்டி மேல கல்லு வுடுவியா நீ?"

ராயப்பேட்டையில் அந்தச் சந்தில் பருந்துக்குப் பிராந்து என்றுதான் பேர். அதைப் பார்த்தால் பெருமாளின் வாகனம் கருடன் என்று மணிமொழி கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஆக, குஞ்சும் சாகக்கூடாது, பருந்துக்கும் வலிக்கக்கூடாது. ஏசி மெக்கானிக்கான டில்லிபாபுவுக்கு இதற்கெல்லாம் யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

மணிமொழியின் தம்பி சேரனுக்குப் போன் போட்டான். சேரன் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன். தீபாவளித் தள்ளுபடி ஒலிபெருக்கிக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"மச்சி, அக்கா காதுல போடாத. பிராந்து தொல்ல தாங்கல."

"இன்னா மாமா சொல்றீங்க! உங்க வூட்லயா?"

"பல்லு கூட வெளக்கல, காலங்காத்தால எறங்கிடுச்சிடா."

"தெனமுமா?"

"உங்கக்கா ஊருக்குப் போனதுலேர்ந்துதான். அவ இருந்தா கிட்டயே வராது, அவ கொரலுக்கே பயம். இப்டியே போனா குடும்பத்துல ஒண்ணு மிஞ்சாது மச்சி."

சேரன் பெருமூச்சு விட்டான். "எங்க சித்தப்பாவுக்கும் இதே தொல்லதான். கயிறு கட்டினாங்க, அன்னியோட நின்னுச்சி. நீங்களும் கட்டிடுங்க மாமா."

அட, இது தோன்றாமல் போயிற்றே என்று டில்லிபாபு தலையில் அடித்துக்கொண்டான். வேலைக்கு லீவு போட்டான். மாடியின் இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி முடித்தபோது இடுப்பு கழன்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தான். பருந்து நடுக்கயிற்றில் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதற்கு உட்காரத்தான் இடமில்லை.

"மச்சி, கயிறு கட்டியாச்சு. அடுத்த நிமிசமே வந்துடுச்சிடா!"

"கயிறு கட்டியுமா!" சேரன் நடுங்கிப்போனான். "அப்ப மால போட்ருங்க மாமா. மால போட்டா சாமிக்கு பயந்தாவது கிட்ட வராது."

டில்லிபாபு மார்க்கெட்டுக்கு ஓடி, கடையிலிருந்த ஜிகினா மாலை அத்தனையும் வாங்கி வந்து கயிறெங்கும் தொங்கவிட்டான். வெயில் பட்டதும் மாடி தகதகவென்று மின்னியது. பருந்து மிரண்டு மேலே போய் வட்டமடித்தது. டில்லிபாபு ஆனந்தத்தில் கோழியைத் தூக்கி முத்தம் கொடுக்கப்போய், மூக்கில் ஒரு கொத்து வாங்கினான்.

சந்தோஷம் சாயங்காலம் வரைகூடத் தங்கவில்லை. கீழ்வீட்டு ஸ்ரீரஞ்சனி மாமி கற்பூரத் தட்டோடு படியேறி வந்தாள்.

"டில்லி, மாடி பூரா மாலை கட்டிருக்கியே, அதான் கருடன் தேடிண்டு வந்து பிரதட்சிணம் பண்றார்! தெரு முழுக்கச் சொல்லிட்டேன், எல்லாரும் சேவிக்க வந்துண்டிருக்கா."

வந்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எதிர்க் கறிக்கடை மெஹபூப் பாஷா பாய், பறவைக்குப் போடுவது புண்ணியம் என்று கொழுப்புத் துண்டுகளை மேலே வீசினார். பருந்து பாய்ந்து பிடித்தது. தெருவே கைதட்டியது. அந்தச் சங்கதி எப்படிப் பரவியதோ, கொஞ்ச நேரத்தில் வானத்தில் நான்கு பருந்துகள்.

டில்லிபாபு அழுதேவிட்டான்.

"மால போட்டும் போச்சுடா மச்சி! காலைல ஒண்ணுதான். இப்ப நாலு! தெருக்காரங்க வேற செடிக்கு ஊத்தறா மாதிரி ஊத்தி வளக்கிறாங்க!"

சேரன் தள்ளுபடி ஒலிபெருக்கியை விட்டுக் கடைக்கு வெளியே ஓடி வந்தான்.

"இனிமே உங்களால ஆவாது மாமா. நான் ஆளு அனுப்பறேன்."

"புட்சிக்கினு போயி அட்ச்சி கிட்ச்சி வெக்க மாட்டாங்களே?"

"சே, அதெல்லாம் அந்தக் காலம். பூ மாதிரி பாத்துப்பாங்க. சரியானதும் வுட்ருவாங்க."

ஞாயிறு காலை. டில்லிபாபு குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு குஞ்சுகளின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தான். ஜிகினா மாலையொன்று கழுத்தில் சிக்கியிருந்தது. "வராத! எம் புள்ளைங்கள தொடாத!" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

வாசலில் வெள்ளை வேன் வந்து நின்றது. வாட்டசாட்டமான இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள்.

"வந்துட்டீங்களா! கூண்டு எங்க?" என்றான் டில்லிபாபு.

"கூண்டெல்லாம் கெடையாது சார். காத்தோட்டமான ரூமு."

"ரூமா! சாப்பாடு?"

"மூணு வேளையும் சைவம்."

"சைவம் துன்னாதேப்பா அது!"

"போகப் போகப் பழகிடும் சார்" என்று அவர்கள் அன்பாகச் சொல்லி இன்னும் நெருங்கி வந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க சேரன். அவனுக்கும் பின்னால் மணிமொழி, கண்ணெல்லாம் சிவந்து.

"நீ ஒரு மனுசனாய்யா?"

விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்த டில்லிபாபு ஒற்றை விரலை நீட்டிக் காட்டினான். "ஒண்ணுதான் மணி போச்சு. சத்தியமா ஒண்ணுதான்."

"நாலுன்னு சொன்னானே சேரன்!"

"அந்த நாலும் மேல கீது, பாரு!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு, டில்லிபாபுவை ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். மணிமொழி ஓவென்று அழுதாள்.

அப்போதுதான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அது பாய்ந்தது. குஞ்சுகள் சிதறின. டில்லிபாபுவுக்கு எங்கிருந்துதான் பலம் வந்ததோ, இரண்டு பேரையும் உதறித் தள்ளி, குடையோடு குஞ்சுகள் மேல் குப்புற விழுந்தான். பருந்து குஞ்சு கிடைக்காத கோபத்தில் அவன் கழுத்து ஜிகினா மாலையை அறுத்துக்கொண்டு, அது அரை மாடி நீளத்துக்கு வால்போல் மின்ன மின்னப் பறந்துபோனது. குடைக்கடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. மணிமொழி அழுகையை நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழே வேனில் சாய்ந்திருந்த டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கத்தினார்:

"இன்னா நைனா, இது நெஜமாவே பிராந்து! போன்ல பிராந்தின்னு சொன்னதாலதானே குடிய நிறுத்துற ஆஸ்பத்திரிலேர்ந்து நாங்க வந்தோம்?"