சேத்துத்தானே அக்காவும் கண்ணாடித் தரையும்

கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும் உடனே கை நீட்டி வாங்கிக்கொள்ளாத ஒரே மனுஷி இந்தப் புதுச்சேரி மாநிலத்தில் எங்கள் சேத்துத்தானே அக்காதான். வாங்குவதற்கு முன்னால், "சாமி, இந்த வரத்துல ஜி.எஸ்.டி.யும் சேத்துத்தானே?" என்று கேட்பார். கடவுள் அப்படியே மறைந்து தப்பித்துக்கொள்வார். நாமெல்லாம் சாதாரண மனிதர்கள். நின்று பதில் சொல்லியாக வேண்டும்.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். எங்களில் யாருக்கும் தெரியாது. வில்லியனூரில் ரவிக்கை தைக்கும் சின்னக் கடை அவருடையது. வாடிக்கைக்காரிகள் வருஷக்கணக்கில் அவர் உயிரை வாங்கிய கேள்விதான் இந்தச் 'சேத்துத்தானே'. "அக்கா, இந்தக் கூலியில லைனிங்கும் சேத்துத்தானே? ஊக்கும் சேத்துத்தானே? பைப்பிங் வச்சா அதுவும் சேத்துத்தானே?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அக்கா, ஒரு நாள் அதே கேள்வியை உலகத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

பழுது பார்த்த தையல் மிஷினின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி, "என் டிக்கெட்டுல இதுவும் சேத்துத்தானே?" என்றார். கண்டக்டர் அவரையும் பார்த்தார், மிஷினையும் பார்த்தார். "யக்கா, நீ எறங்கற வரைக்கும் நான் இந்தப் பக்கமே வரலக்கா" என்று முன்பக்கம் போய்விட்டார்.

அக்காவின் தங்கை மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் வேலை, சம்பளம், வண்டி எல்லாவற்றையும் விசாரித்து முடித்த அக்கா, ஓரமாக உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மாவைக் காட்டி, "இவங்களும் சேத்துத்தானே?" என்றார். அந்த அம்மாள் கேசரியை விழுங்கிவிட்டு, "நான் பெரிய புள்ளகூட இருந்துக்குறேன்" என்றார். கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பெண் இன்றுவரை சௌக்கியம்.

இப்பேர்ப்பட்ட அக்காவும் நானும் ஒரே வரிசையில் வீடு வாங்கினோம். வில்லியனூரைத் தாண்டி, நேற்றுவரை நெல் விளைந்த இடத்தில், எட்டு வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எழும்பியிருந்தன. முதல் வீட்டை மட்டும் முழுசாக முடித்து, மாடல் வீடு என்று பலூன் கட்டி வைத்திருந்தார் பில்டர். அந்தத் தரை இருக்கிறதே, அது தரை அல்ல, கண்ணாடி. என் மனைவி குனிந்து நெற்றிப் பொட்டைச் சரி செய்துகொண்டாள். நிமிர்ந்தபோது, "இந்த வூடுதான் வேணும்" என்றாள். ஆகவே மாடல் வீடே எங்கள் வீடானது. பக்கத்து வீடு அக்காவுக்கு.

வாங்க வந்த எட்டுக் குடும்பமும் கூடி நிற்கும்போது அக்கா ஆரம்பித்தார். "தம்பி, நீ சொல்ற வெலையில இந்தத் தரையும் சேத்துத்தானே?"

பில்டருக்கு முப்பது வயதிருக்கும். கூலிங் கிளாஸைக் கண்ணுக்குப் போடாமல் தலைக்குப் போட்டிருப்பார். "ஸ்டாண்டர்டு ஃபினிஷ் எல்லாமே சேத்துத்தான்க்கா" என்றார்.

"ஸ்டாண்டர்டுன்னா இன்னாபா? மூஞ்சி தெரியற தரையா, தெரியாத தரையா?"

"இது அப்கிரேடுக்கா. சதுர அடிக்கு நாப்பத்தஞ்சு ரூபா டைல்ஸ் வரைக்கும் நம்ம வெலையில சேத்து. இது அதுக்கு மேல. வித்தியாசத்த மட்டும் குடுத்தாப் போதும்."

"வித்தியாசம் டைல்ஸுக்கு மட்டுமா? ஒட்டற கூலி? செவுத்தோரம் வைக்கிற பட்டி? வெட்டி வீணாப் போற துண்டு?"

"அதெல்லாம் கொஞ்சம் தனிக்கா."

"கதவு பாலிஷு?"

"தனி."

"சமையல் மேடைக் கல்லு?"

"பாதி சேத்து, பாதி தனி."

"அப்ப இந்த வூட்ல இன்னாதான்பா சேத்து?"

பில்டர் சுற்றிலும் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். "செவுருக்கா" என்றார்.

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மற்ற ஏழு குடும்பமும் வித்தியாசத்தைக் கட்ட ஒப்புக்கொண்டோம். வெட்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தோம். பாழாய்ப்போன தரையில் எல்லார் முகமும் தெரிந்தது.

அக்கா மட்டும் மசியவில்லை. பேங்க் லோன் போக, கடைசி வேலைகளுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். "துணியும் தையக்கூலியும் கண்ணுக்குத் தெரியும் தம்பி. லைனிங்கு, ஊக்கு, காஜா, இதுங்கதான் கண்ணுக்குத் தெரியாமத் துட்டத் திங்கும். வூடும் ரவிக்க மாதிரிதான்" என்பார் என்னிடம். ஜன்னல் கம்பி, கரண்ட் மீட்டர், பாத்ரூம் கதவு எல்லாம் அந்தத் தொகைக்குள் முடிய வேண்டும். கண்ணாடித் தரை போட்டால் மொத்தமும் தரையோடு போய்விடும்.

விட்டார்களா? பில்டர் தினமும் போன் பண்ணினார். "எட்டு வூட்ல ஒங்க வூடு மட்டும் டல்லா இருந்தா என் ப்ராஜெக்ட் லுக்கே பூடும்க்கா." உறவுக்காரர்கள் பேசினார்கள். கடைசியில் அக்காவின் வீட்டுக்காரரே பேசினார். ஒரு கம்பெனியில் வாட்ச்மேன், சாது. ஒரு சாயங்காலம் பாதி கட்டிய வீட்டு வாசலில், என் எதிரிலேயே ஆரம்பித்தார்.

"ஊரே பளபளன்னு போடுது. நாம மட்டும் மங்கலா போட்டா சாதிசனம் இன்னா பேசும்? கடையக் காலி பண்ணிட்டு அட்வான்ஸ வாங்கி இதுல போட்டுருவோம்டி. நீ வூட்லயே ஒக்காந்து தையேன்."

அக்கா கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகினார். பிறகு மெல்லக் கேட்டார். "ஏங்க, வூட்டு வெலையில என் கடையும் சேத்துத்தானா?"

அந்தக் கேள்விக்கு நான் சிரிக்காமல் இருந்தது அன்று ஒரு நாள்தான். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர்.

மறுநாளே அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு மதகடிப்பட்டில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு பாய், தங்கமான மனுஷர். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு டைல்ஸ் மேலும் ஏறி நின்றார். பாட்டில் தண்ணீரை ஊற்றி நடந்தார். அதுவும் போதாமல், மாதிரிக்குப் பதித்திருந்த தரையில் மல்லாந்து படுத்து, "மத்தியானம் படுத்தா முதுவு சில்லுன்னு இருக்கணும், எழுந்தா கால் வழுக்கக் கூடாது" என்றார். கடைக்கு வந்த ஒரு புதுமணத் தம்பதி பயந்து வெளியே போய்விட்டார்கள்.

"பாய், படுத்துப் பாக்குறதும் சேத்துத்தானே?"

"தலகாணி ஒண்ணுதான் தனிம்மா" என்றார் பாய்.

கடைசியில் சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக ஒன்றை எடுத்தார். நாற்பத்தைந்து ரூபாய்க்கு உள்ளேயே இருந்தது. பில்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது கார் நிறுத்துற எடத்துக்குப் போடறதுக்கா" என்றார். "போடு. கார் வாங்கனா உள்ளயே நிறுத்திக்கிறேன்" என்றார் அக்கா.

கிரகப்பிரவேசம் வந்தது. எட்டு வீட்டுக்கும் ஒரே முகூர்த்தம், ஒரே பந்தல், ஒரே ஐயர், ஒரே பசு. செலவு மிச்சம் என்று பில்டர் செய்த ஏற்பாடு. பசுவும் கன்றும் செலியமேட்டிலிருந்து வந்தன. மாலை போட்டு, மஞ்சள் பூசி, முதலில் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்தார்கள்.

பசு ஒரு காலை உள்ளே வைத்தது. கீழே குனிந்தது. தரைக்குள்ளிருந்து இன்னொரு பசு அதை முறைத்துப் பார்த்தது. வைத்த கால் சர்ரென்று ஓரமாகப் போக, பசு ஒரு கத்து கத்தியது பாருங்கள், நாதஸ்வரம் நின்றுவிட்டது.

"உள்ள இழுங்கபா! முகூர்த்தம் போவுது!" என்று பில்டர் பின்னாலிருந்து தள்ளினார். வால் ஒரு சுழற்று சுழற்றியது. கூலிங் கிளாஸ் பந்தலுக்கு வெளியே போய் விழுந்தது.

"யோவ், கைய எடுய்யா! கால் ஒடஞ்சா நீயா குடுப்ப? உன் தரையவிட என் மாடு வெல ஜாஸ்தி!" என்று மாட்டுக்காரர் எகிறினார். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள், பசுவை நான்தான் சரியாக வளர்க்கவில்லை என்பதுபோல.

பசு இந்தக் களேபரத்தில் கயிற்றை உதறிக்கொண்டு திரும்பியது. பக்கத்து வாசலை முகர்ந்து பார்த்தது. யாரும் கூப்பிடாமலே அக்கா வீட்டுக்குள் நுழைந்தது. ஹாலைச் சுற்றியது. சமையல் மேடையை எட்டிப் பார்த்தது. கன்றுக்குட்டி குதித்துக்கொண்டே பின்னால் ஓடியது. கடைசியாக, ஹாலுக்கு நட்ட நடுவில், எல்லாரும் பார்த்திருக்க, பசு தாராளமாகச் சாணி போட்டது.

"மகாலட்சுமியே வந்து ஒக்காந்துட்டா!" என்று கை தூக்கினார் ஐயர். நாதஸ்வரம் தானாகவே கெட்டி மேளத்துக்கு மாறியது.

அக்கா நிதானமாக மாட்டுக்காரரைப் பார்த்தார். "அண்ணே, உன் கூலியில இதுவும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான்மா! கன்னுக்குட்டி போட்டா அதுவும் சேத்து!"

பந்தலே அதிர்ந்தது. மங்கலாக இருந்தால் சாதிசனம் என்ன பேசும் என்று பயந்த வீட்டுக்காரர், வாசலில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்த டைல்ஸ நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்குத்தான் மனம் கஷ்டப்பட்டிருக்கும்.

சிரித்து முடித்ததும் அக்கா செய்த காரியம்தான் முக்கியம். தரை துடைக்கவென்று கடையிலிருந்து கொண்டுவந்திருந்த வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து, எங்கள் வாசலிலிருந்து ஹால்வரை கனமாகப் பரப்பினார். "வாடி என் ராஜாத்தி" என்று பசுவின் நெற்றியைத் தடவிக் கூட்டிவந்தார். முகூர்த்தம் தப்புவதற்குள் அது எங்கள் வீட்டிலும் கால் வைத்தது. அந்தத் துணியையே வீடு வீடாக விரித்து, மற்ற ஆறு வீட்டுக்குள்ளும் பசுவை நடத்திவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒரே வாரத்தில் ஏழு வீட்டிலும் ஆளாளுக்கு வழுக்கி விழுந்தோம். நான் குளித்துவிட்டு வந்து விழுந்தேன். என் மாமியார் விழாமலே கத்தினார். அன்று விரித்த துணியின் ஞாபகத்தில் எல்லாரும் அக்காவிடம் ஓடினோம். வெட்டுத்துணியை அடுக்கி, இரட்டைத் தையல் போட்டு, மிதியடி தைத்துக் கொடுத்தார். பாத்ரூமுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, ஹாலுக்கு நீளமாக ஒன்று. முகம் தெரிய வேண்டும் என்று காசு கொடுத்தோம், அது தெரியாமல் மறைக்க மறுபடியும் காசு கொடுத்தோம்.

மிதியடி வில்லியனூரைத் தாண்டியது. பாகூர்ப் பக்கமெல்லாம் இப்போது கண்ணாடித் தரைதானே! வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு, அக்காவின் கடையில் உட்கார்ந்து நூல் வெட்டுகிறார். காலி பண்ணச் சொன்ன கடைக்குப் பக்கத்துக் கடையையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு பில்டரே சால்வையோடு வந்தார். அடுத்த ப்ராஜெக்ட்டில் வீட்டுக்கு மூன்று மிதியடி இலவசமாகக் கொடுக்கப்போகிறாராம். அக்கா முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

அந்த பில்டர் என்னிடம் தரைக்கு எக்ஸ்ட்ரா வாங்கினார், கதவுக்கு வாங்கினார், மேடைக்கு வாங்கினார். பக்கத்து வீட்டில் அக்கா இருப்பார் என்பதற்கு மட்டும் எதுவும் வாங்கவில்லை. கேட்டிருந்தால், பேரம் பேசாமல் கொடுத்திருப்பேன்.