வான்கோழிக்கு நான் காட்டிய நெற்றி

முட்டாளின் கையில் ஆயுதம் கிடைத்தால் அவன் முதலில் செய்வது அதோடு நின்று படம் எடுப்பது. நானும் எடுத்தேன். 2012இல், புலம்பெயர்ந்து வந்த டார்னெய்ட் ஊரில், வீட்டுக் கராஜில், மரவில்லோடு, வயிற்றை எக்கிக்கொண்டு.

கப்பியும் குறிபார்க்கும் கருவியும் பூட்டிய நவீன வில்லுக்காரர்களைக் கண்டால் எனக்கு அப்போது இளக்காரம். வெறும் மரவில், தரையில் குந்தியிருந்து காட்டு வான்கோழி, அதுதான் வேட்டை என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தேன். (அதுவரை நான் கொன்ற ஆகப் பெரிய உயிர் கரப்பான்பூச்சி. அதுவும் செருப்பால்.) ஆறு மாதம் அரிசிச் சாக்கை எய்து பழகினேன். சாக்கு ஓடவுமில்லை, திருப்பித் தாக்கவுமில்லை. அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் மாமாவுக்காக. மனைவியின் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார்கள். நான் வீட்டில் கொம்பியூட்டர் முன்னால் இருந்து வேலை செய்வதைப் பார்த்த மாமா, "தம்பி வேலைக்குப் போறேல்லையோ?" என்று மகளிடம் கேட்டுவிட்டார். அவர் விமானம் ஏறுவதற்குள் நானும் ஓர் ஆம்பிளைதான் என்று காட்டியாக வேண்டும். "சனிக்கிழமை கோழி வாங்க வேண்டாம். நான் வான்கோழி கொண்டு வாறன்" என்று அறிவித்தேன். மாமி நம்பிக் கறிச்சரக்கும் அரைத்துவிட்டார், பாவம்.

இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணை. தப்பிப் போய்க் காட்டில் பெருகிய வான்கோழிகள் அவரது பயிரைத் தின்றுகொண்டிருந்தன. மாமாவும் பார்க்க வந்தார். இலை அச்சடித்த உடுப்பில் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெறும் நெத்தியோட ஒரு காரியத்துக்குப் போறதே?"

அவரே பையிலிருந்து எடுத்து என் நெற்றியில் மூன்று குறி திருநீறு பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார். கிழவர் என் நெற்றியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இது எங்கள் கலாசாரம்" என்று அவரை அடக்கிவிட்டேன். அவ்வளவு பெரிய அறிவாளி நான்.

விழுந்த மரமொன்றின் பின்னால் குந்தி, பெட்டை வான்கோழி போலக் கத்தி ஆணை வரவழைக்கும் மரப்பெட்டியை உரசினேன். பத்து நிமிடத்தில் ஒரு சேவல் வாலை விரித்துக்கொண்டு வந்தது. நாணை இழுத்தபடி தலையை உயர்த்தினேன். அது என் நெற்றியைப் பார்த்தது. ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் செய்தது, ஆனால் என்னை நோக்கி! அம்பு என் சப்பாத்துக்கு முன்னால் சேற்றில் குத்திக்கொண்டது. சேவல் நெஞ்சில் பாய்ந்து செட்டையால் அறைந்தது. வில்லை எறிந்துவிட்டு ஓடினேன்.

"ஐயோ மாமா, பிடியுங்கோ!"

மாமா மடக்குக் கதிரையை விட்டு எழும்பக்கூட இல்லை. இரண்டு கையையும் தட்டி, "சூ!" என்றார். அது போய்விட்டது.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். வசந்த காலத்தில் ஆண் வான்கோழியின் தலை வெள்ளையும் சிவப்புமாய் மாறுமாம். என் நெற்றியைப் பார்த்து, போட்டிக்கு இன்னொரு சேவல் வந்திருப்பதாக நினைத்துவிட்டதாம். ஆக, அன்றைக்கு என்னை ஓர் ஆம்பிளை என்று மதித்தது அது ஒன்றுதான்.

 திரும்பும்போது வீட்டை நெருங்கியதும் மாமா, "தம்பி, கோழிக்கடையில ஒருக்கா நிப்பாட்டும்" என்றார்.

இப்போது அவர்கள் நிரந்தரமாகவே வந்து எங்களோடுதான் இருக்கிறார்கள். வீட்டில் எத்தனை விருந்தாளிகள் இருந்தாலும், கோழிக்கறியை என் சாப்பாட்டுக் கோப்பையில் போடும்போது மாமி மறக்காமல் சொல்வார்:

"பயப்பிடாமச் சாப்பிடுங்கோ தம்பி, இது செத்த கோழிதான்."