ஆயத்தமானதும் ஓடுவார்

முதலில் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கி, உள்ளே ஒருதரம் ஊதுவார். காது மடியாதபடி மெல்ல மாட்டுவார். நாடிக்குக் கீழே பட்டியைப் பூட்டி, பட்டிக்கும் தொண்டைக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். விரல் போகும். முகக் கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார், மறுபடி இறக்குவார். பிறகென்ன, கிளம்ப வேண்டியதுதானே என்கிறீர்களா? கழற்றித் துடைத்து அலுமாரிமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்.

வாசகரே, இவர்தான் ஆயத்தக்காரர். நாடெங்கும் காணப்படும் இனம். நாம் பார்க்கப்போவது மாத்தளைப் பக்கம் இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ரொமேஷை.

ரொமேஷுக்கு வில்கமுவவில் ஒரு விதைநெல் கம்பனியில் வேலை கிடைத்திருந்தது. வயல் வயலாகப் போக வேண்டிய வேலை. அந்தப் பக்கத்தில் பஸ்ஸை நம்பிப் புறப்பட்டால் விதைப்புக்குக் கிளம்பியவர் அறுவடைக்குத்தான் போய்ச் சேருவார். ஆகவே சித்திரைப் புதுவருஷத்துக்குள் மோட்டர் சைக்கிள் லைசன் எடுத்தால் வேலை, இல்லாவிட்டால் அடுத்த ஆள் என்று மனேஜர் ஜீவராஜ் போனிலேயே சொல்லிவிட்டார். அப்பா ஓய்வுபெற்ற வீட்டில் வேறு சம்பளம் இல்லை. வேறொருவர் என்றால் மறுநாளே பழகப் போயிருப்பார். ஆயத்தக்காரர் போவாரா?

அவர் ஹெல்மெட்டோடு வஹகோட்டைக் கோவிலுக்குப் போனார். அதை மந்திரித்துக் கொடுத்த ஃபாதர், "பைக் எங்க மகன்?" என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

"பழகின பொறகுதான் வாங்கணும், ஃபாதர்."

அடுத்து, பழகப் போவதற்கு ஒரு பழக்கம். சமையலறையில் தேங்காய் துருவும் பலகையில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத கிளச்சைப் பிடித்து, இல்லாத கியரை மிதித்து, எதிரே வந்த லொறிகளுக்கெல்லாம் மரியாதையாக ஒதுங்கி, அடுப்படியிலிருந்து மாத்தளை டவுன் வரை தினமும் போய்வந்தார்.

"டவுனுக்குப் போறதுன்னா அப்படியே ஒரு பாதித் தேங்காயையும் துருவிக்கிட்டுப் போ," என்றார் அம்மா மரிய கொறற்றி.

"அவரோட பேசாதீங்கம்மா, ரோட்டு வளைவுல திரும்புறாரு," என்றாள் தங்கை ஷெனாலி.

ஒருவழியாகப் பழகப் போனார். வெயில் கொளுத்திய மைதானத்துக்கு ஹெல்மெட், கையுறை, முழங்கால் உறை, மழை வந்தால் போடுவதற்கு மழைக் கோட்டு சகிதம் வந்து நின்றவரை, பழக்குகிற பதுர்தீன் நானா மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"தம்பி பைக் பழகவா வந்தீங்க, யுத்தத்துக்கா?"

நானா கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் மணிமணியாக வந்தது. கிளச் எதற்கு, எப்போது கியரைக் குறைப்பது, ஈரத் தரையில் எந்த பிரேக் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். நானா அசந்துதான் போனார்.

"மாஷா அல்லாஹ். பைசிக்கள் ஓட ஏலுந்தானே?"

ரொமேஷ் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். சொல்லுங்கள், அவர் பிறந்த தோட்டத்தில் யார் சைக்கிள் வைத்திருந்தார்? ஏற்றத்தில் நாம் அதைத் தள்ள வேண்டும், இறக்கத்தில் அது நம்மைத் தள்ளும். இரண்டு சக்கரத்தில் நிற்கிற எதுவும் பிடிக்காவிட்டால் விழும் என்பதை பைக் ஓடுவது பற்றி அவர் போனில் பார்த்த வீடியோக்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

"பைசிக்கள்... பாத்திருக்கேன், நானா."

நானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "மத்தது எல்லாம் நான் பாத்துக்குவன் தம்பி. பேலன்ஸ மட்டும் நான் ஊட்டிவிட ஏலாது. அதப் பழகிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்த ரொமேஷ் என்ன செய்தார்? போனைத் திறந்து, சைக்கிள் ஓடுவது எப்படி என்று தேடினார். ஷெனாலி போனைப் பறித்தாள்.

"அண்ணே, மனேஜர் அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டா இந்த வீடியோவெல்லாம் சோறு போடாது. எந்திரிங்க."

டியூஷன் தோழியிடம் அவள் இரவல் வாங்கிய, முன்னால் ரோஸ் நிறக் கூடை வைத்த சைக்கிளில் அண்ணனை ஏற்றி, ஸ்கூல் மைதானத்தில் பின்னாலிருந்து தள்ளினாள். அவசரத்தில் முழங்கால் உறை வீட்டிலேயே கிடந்தது. விழுந்தார். முழங்கால் தோல் போனது. வேலியில் விழுந்தார், ஆட்டின் மேல் விழப்பார்த்து ஆட்டின் புத்தியால் தப்பினார். பிறகு ஒருநாள், தள்ளுகிற கை எப்போதோ விட்டுவிட்டது என்று தெரியாமலே மைதானத்தைச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகு பைக் அவ்வளவு பாடாக இல்லை. புதுவருஷப் பலகாரம் சுடும் வாரத்தில் லைசன் கைக்கு வந்தது.

வில்கமுவவில் முதல் நாள், கம்பனி கொடுத்த பைக்கில் மனேஜர் ஜீவராஜ் ரொமேஷுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். வயல்பாதை முழுக்க உபதேசம். "கிளச்ச சட்டுன்னு விடாதீங்க தம்பி. மணல்ல முன் பிரேக்கத் தொடாதீங்க. பார்வைய தூரத்துல வைங்க." ஒன்றில்கூடப் பிழையில்லை. இப்பேர்ப்பட்ட ஓட்டக்காரரைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுகிறோமே என்று ரொமேஷ் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் கதை வேறு. அந்த விஷயத்தை, என்ன விஷயம் என்று உங்களுக்கே தெரியும், இன்னும் கொஞ்சம் விசாரித்துவிட்டு, அடுத்த மாதம் கை ஓய்ந்ததும் ஆரம்பிக்கத்தான் இருக்கிறீர்கள். ஜீவராஜும் அப்படித்தான். இது சில மாதம் கழித்து, விதை ஸ்டோர்ஸைப் பார்க்கும் ஷிரானி அக்கா போகிறபோக்கில் சொல்லித்தான் ரொமேஷுக்குத் தெரிந்தது.

"மனேஜர் சேரா? அவருக்கு பைக் ஓடத் தெரியாதே தம்பி. வந்த நாள்லருந்து பழகப் போறேன்னுதான் சொல்றாரு. அதனாலதானே லைசன் உள்ள ஆளாக் கேட்டாங்க."