வீங்கிய கண்ணோடு ஒரு பெண் பார்த்தல்

மாப்பிள்ளை வீட்டார் ராஜகீழ்ப்பாக்கம் வந்துவிட்டதாகத் தரகர் போன் செய்தபோது, துர்காவின் இடது கண் பணியாரம் போல வீங்கியிருந்தது.

"இன்னிக்கு ஒரு நாளாவது பாக்ஸிங் போவாதேன்னு சொன்னேனா இல்லையா?" ஜெயவேலு மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஏற்கெனவே இரண்டு இடம், 'சண்டைக்காரப் பொண்ணு' என்று தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் அப்பா கோதண்டமோ, பாக்ஸிங்கையே தடை செய்ய வேண்டும் என்று பொத்தேரியில் கூட்டம் போட்டுப் பேசுகிறவர்.

அம்மா கங்கையம்மாள் பவுடரை அப்பினாள். சிவப்பு ஊதாவானது. முடியைச் சரித்துக் கண்ணை மறைத்தாள். ஒற்றைக் கண்ணோடு காபி கொண்டுவந்த துர்கா நாற்காலியில் இடித்துக்கொள்ள, முடி விலகிவிட்டது.

"கண்ணுல இன்னாம்மா?" என்றார் கோதண்டம்.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா," என்றார் ஜெயவேலு.

"மாடு முட்டிடுச்சு," என்றாள் கங்கையம்மாள் அதே மூச்சில்.

"பாத்ரூம்லயா மாடு?"

கோதண்டத்தின் பார்வை ஜெயவேலுவின் கைகளுக்கு இறங்கியது. "வளந்த பொண்ணைக் கைநீட்டி அடிக்கிறீங்களா?"

ஜெயவேலு மனசுக்குள் கணக்குப் போட்டார். பாக்ஸிங் என்றால் சம்பந்தம் போகும். அடித்தேன் என்றால் தன் மானம்தான் போகும்.

"ஆமாங்க. கோவத்துல ஒண்ணு வெச்சிட்டேன்."

கோதண்டம் போனை எடுத்தார். "இப்பவே போலீசைக் கூப்புடறேன்!"

"வேணாம் சார்!" துர்கா குறுக்கே வந்தாள். "எங்கப்பா என்னைத் திட்டக்கூட மாட்டாரு. நான் பாக்ஸிங் ஆடறேன். காலைல அங்க வாங்கினது."

"பாத்தீங்களா! இதுக்குத்தான் தடை பண்ணச் சொல்றேன். மூளையே கலங்கிப்போவும்!"

"தலைக்குக் கவசம் போட்டுத்தான் சார் ஆடறோம். ஜிஎஸ்டி ரோட்ல வண்டி ஓட்டறதும்தான் ஆபத்து. அதையும் தடை பண்ணுவீங்களா?"

"ரோட்ல இடிச்சா கேஸு. உங்க ஆட்டத்துல இடிச்சாத்தானே பாயிண்டு?"

கோதண்டம் செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை மதியழகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எல்லாம் போச்சு என்று ஜெயவேலு சுவரில் சாய்ந்தார்.

அதுவரை பேசாமல் காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா அங்காளம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க. உங்களுக்குத் தெரியாம பாக்ஸிங் பழகப் போன நம்ம புள்ளைய, போன மாசம் குத்தி மயங்க வெச்சது இந்தப் பொண்ணுதான். முழிச்ச ஒடனே, 'கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்'னு எங்கிட்ட சொல்லிட்டான்."