வாங்கப்போகிறவர்

கார் வைத்திருப்பவர்கள் உண்டு, கார் இல்லாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது பிறவி ஒன்றும் உண்டு. அதற்கு ‘வாங்கப்போகிறவர்’ என்று பெயர். இவர் வாங்கியதும் இல்லை, வேண்டாமென்று விட்டதும் இல்லை. வாங்கப் போகிறார். போய்க்கொண்டே இருக்கிறார். உங்கள் தெருவில் ஒருவர், அலுவலகத்தில் இருவர், சொந்தத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது சுலபம். நாலு பேர் இருக்கும் இடத்தில் “எந்தக் கார் நல்லா இருக்கும்?” என்று பொதுவாக ஒரு கேள்வியைப் போடுங்கள். கார் ஓட்டுகிறவர் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறாரோ, அவரேதான்.

இன்று நம் கையில் சிக்கியிருப்பவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். அவர் மனதைப் பறிகொடுத்தது இரண்டே கதவுள்ள ஒரு குட்டிக் காரிடம். குள்ளம், வேகம், திமிர் மூன்றும் கொண்ட கார். அதில் பழைய மாடல் என்று ஒன்று, புதிய மாடல் என்று ஒன்று. பழையதில் எடை குறைவு, திருப்பினால் திரும்பும். புதியதில் டர்போ, மிதித்தால் பறக்கும். பழையதில் கையால் இழுக்கிற ஹேண்ட்பிரேக். புதியதில் அதற்குப் பதில் நகத்தளவு பொத்தான். பழையதில் காப்பிக் கோப்பை வைக்க இடம் கிடையாது. புதியதில் கோப்பைக்கு நாலு இடம், மனிதர்களுக்குத்தான் கொஞ்சம் நெருக்கடி. இதையெல்லாம் அவர் ஒரு நீல நோட்டில் இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக எழுதுகிறார்.

ஐந்து வருடமா என்று வாயைப் பிளக்காதீர்கள். அவர் ஆரம்பித்தபோது, இப்போது பழசு என்கிறாரே, அதுதான் புதுசு. ஏறக்குறைய முடிவுக்கு வந்த வாரத்தில் கம்பெனிக்காரன் அடுத்த மாடலை இறக்கிவிட்டான். வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். நம்மவர் மார்தட்டிக்கொண்டார். “பாத்தியா? நல்லவேளை நான் அவசரப்படலை!” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நீல நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கோடு போட்டார். அவர் நோட்டு ஆரம்பித்த நாளில் மகள் ஐந்தாம் வகுப்பு, குட்டிக் காரின் பின்சீட்டில் பொம்மை போல உட்கார்ந்திருப்பாள். இப்போது பத்தாம் வகுப்பு. அவளை அதில் ஏற்ற வேண்டுமென்றால் முழங்காலைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும்.

மனைவி குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இந்த வருடம் ஊரின் மறு கோடிக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், நாலிலும் நின்றுகொண்டுதான். மாலையில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நம்மவர் நோட்டைத் திறப்பார்.

“என்னங்க, எனக்கு நாலு சக்கரம் இருந்தாப் போதும். பழசோ புதுசோ, ஏதாவது ஒண்ணு எடுங்க.”

‘ஏதாவது ஒண்ணு!’ பாவம், விவரம் தெரியாதவள் என்று அவர் மன்னித்துவிடுவார்.

புதிய மாடலை அவர் ஏழு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார். ஷோரூமில் மற்ற விற்பனையாளர்கள் அவர் தலை தெரிந்ததும் மாடிக்குப் போய்விடுவார்கள்; ஓடத் தெரியாத ஒரு நல்ல பையன் மட்டும் மாட்டிக்கொள்வான். ஓட்டி முடித்து இறங்கியதும், புதிய காரின் மேல் கையை வைத்துக்கொண்டு பழைய காரைப் புகழ ஆரம்பிப்பார். “கணக்குப் பாத்தா புதுசுதான் தம்பி. ஆனா மனசுன்னு ஒண்ணு இருக்கே! பழசோட ஸ்டியரிங்கை ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க. ரோட்டுல சின்னக் கல்லு கிடந்தாக்கூட உள்ளங்கையில வந்து சொல்லும்.” பையன் தலையாட்டிக் கேட்பான். வேறு வழி?

பழைய மாடலில் ஒன்று, கீறல் விழாத நீல நிறக் கார், கடைக்கு வரும் ஓய்வுபெற்ற பல் டாக்டரிடம் இருந்தது. டாக்டருக்குப் பக்கவாட்டுப் பார்வை மங்கிவிட்டது. இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொன்னதே நம்மவர்தான். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அப்ப அதை நீங்களே எடுத்துக்குங்க தம்பி. நல்லாப் பாத்துக்குவீங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்க மாட்டேன்.” பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நீங்களும் நானும் ஓடியிருப்போம். நம்மவர் டாக்டர் வீட்டுக்குப் போய், நீலக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு, புதிய மாடலின் டர்போவை ஒரு மணி நேரம் புகழ்ந்துவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவர் பகல் முழுவதும் என்ன வேலை பார்க்கிறார் தெரியுமா? மனிதர்களை முடிவெடுக்க வைக்கிறார். நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, “எது தெளிவு? ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்பார். யாராவது “இன்னொரு தடவை காட்டுங்க” என்றால் அவருக்குப் பொறுக்காது. “ரொம்ப யோசிக்காதீங்க. முதல்ல தோணுறதைச் சொல்லுங்க. யோசிச்சா கண்ணு பொய் சொல்லும்” என்று அதட்டுவார். ஒரு நாளைக்கு முப்பது பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம்.

மாதத்தின் கடைசி நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி கடைக்கு வந்து நின்றாள். அரை நாள் லீவு கூட இல்லை, இரண்டு மணி நேர அனுமதி.

“கண்ணுல ஏதாவது பிரச்சனையா?” என்றார்.

“எனக்கில்ல, உங்களுக்கு. உட்காருங்க.”

நாற்காலியில் அவரை உட்காரவைத்தாள். விளக்கை அணைத்தாள். போனில் பழைய காரின் படத்தைக் காட்டினாள், தள்ளினாள், புதிய காரின் படத்தைக் காட்டினாள்.

“ஒண்ணா, ரெண்டா?”

“இது அப்படிச் சொல்ற விஷயமில்ல. இன்னொரு தடவை…”

“ரொம்ப யோசிக்காதீங்க. முதல்ல தோணுறதைச் சொல்லுங்க. யோசிச்சா கண்ணு பொய் சொல்லும்.”

“பழசு!” என்றார். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்பது போலத் திரும்பிப் பார்த்தார். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக மனம் நிறைந்து சிரித்தார். மனைவிக்குக் கண் கலங்கியது.

“அப்பாடா! உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவள் செய்த ஒரே தப்பு, அவர் போன் போடும்வரை பக்கத்தில் நிற்காமல் போனதுதான்.

போனை எடுத்தவருடைய விரல் டாக்டரிடம் போகவில்லை. குட்டிக் கார் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. அதில் கார் வைத்திருப்பவர்கள் ஒன்பது பேர். ‘பழசுதான் எடுக்கப் போகிறேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று போட்டார். வாழ்த்து மேல் வாழ்த்தாகக் குவிந்தது. எழுபத்து மூன்றாவது ஆள், அவரும் வாங்கப்போகிறவர்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘கிளட்ச் பார்த்தீர்களா?’

போதாதா?

மறுநாள் பத்து மணிக்கு நோட்டும் கையுமாக டாக்டர் வீட்டுக்குக் கிளட்ச் பார்க்கப் போனார். “நேத்தோட மாசம் முடிஞ்சுதே தம்பி,” என்றார் டாக்டர். “சாயங்காலம் வரைக்கும் போனைப் பக்கத்துலயே வச்சிருந்தேன். காலையில விளம்பரம் போட்டேன், உடனே ஒருத்தர் வந்துட்டார்.” வாசலில் நீலக் கார் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தது, ஷோரூமில் மாடிக்கு ஓடத் தெரியாத அதே பையன்.

“சார், நீங்களா! ஏழு தடவை சொன்னீங்களே சார், அந்த ஸ்டியரிங்கைப் பத்தி! கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியமே பிடிச்சுருச்சு. விளம்பரத்தைப் பாத்தேன், அரை மணி நேரத்துல முடிச்சுட்டேன்.”

நம்மவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “கிளட்ச்… கிளட்ச் பாத்தீங்களா?”

“அது கொஞ்சம் தேஞ்சுதான் இருக்கு சார். மாத்திக்கலாம்!”

கார் முனையில் திரும்பியது. திருப்பியதும் திரும்பியது, அவர் ஐந்து வருடமாகச் சொன்னபடியே. அவர் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார். கேலி செய்ய உட்கார்ந்த எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வீட்டில் மனைவி சத்தம் போடவில்லை. சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது, சாம்பல் நிறத்தில், டப்பா போல, நாலு கதவுள்ள ஒரு கார் வாசலில் நின்றது. ஓட்டி வந்தவள் அவள்தான். பின்சீட்டில் மகள் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

நம்மவர் காரை மூன்று தடவை சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். “இதுக்கு முந்தின மாடல்ல டிக்கி இன்னும் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார்.

“ஏறுறீங்களா?” என்றாள் மனைவி.

ஏறத்தான் போனார். முன்கதவில் ஒரு கை வைத்தார். பின்கதவில் ஒரு கை வைத்தார். முன்னால் உட்கார்ந்தால் ரோடு தெரியும். பின்னால் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. அப்படியே நின்றார்.

“அப்பா, ஒண்ணா ரெண்டா?” என்றாள் மகள் படுத்தபடியே.

மனைவி கியரைப் போட்டாள். கார் போய்விட்டது.

சிரித்தது போதும், இப்போது நீங்கள் வந்து நாற்காலியில் உட்காருங்கள். எனக்கு இப்படியெல்லாம் கிடையாது என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். வாங்கலாமென்று போன வருடம் குறித்து வைத்த அந்தச் சாமான், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்ற அந்தக் கடிதம், இந்த வேலையா அந்த வேலையா என்று நண்பரிடம் கேட்ட அந்தக் கேள்வி, இதையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், முதலில் தோன்றுவதைச் சொன்னால் போதும். இந்த இனத்தில் நீங்கள் உண்டா, இல்லையா?

யோசித்துச் சொல்கிறீர்களா? வேண்டாம், எழுந்திருங்கள். அடுத்தவர் வரலாம்.