ஒன்பதாம் எண் பனியனின் ரத்தக் கறை

பனியன் மேல் பீர் கொட்டியதும் ஆர்வில் கோப் செய்த முதல் காரியம், ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடியதுதான். ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாது.

அது சாதாரணப் பனியன் இல்லை. இன்று பெருநகரத்தில் கண்ணாடி அரங்கம் கட்டி ஆடுகிற அந்தக் கூடைப்பந்து அணி, பிறந்தது என்னவோ இந்த விஸ்கான்சின் சிற்றூரின் பீட்ரூட் டின் தொழிற்சாலையில்தான். பகலில் டின்னுக்கு மூடி போட்டவர்களே ராத்திரி நடனக் கூடத்தில் பந்து போட்டார்கள். எழுபது வருஷத்துக்கு முன், முதல் சீசனின் கடைசி ஆட்டத்தில் மூக்கு உடைந்தும் வெளியேறாமல் ஆடிய நெட்டை வோயிக்கின் பனியன் இது. நெஞ்சில் ஒன்பது என்ற எண், அதன் பக்கத்தில் ரத்தக் கறை. முப்பது வருஷமாக அந்தக் கறையைக் காட்டி ஆர்வில் கதை சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பலர் அவரைக் கண்டாலே தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள்.

இந்த மாதிரிப் பழைய ஆட்டச் சாமான்களைச் சேர்ப்பவர்களுக்கு ஒரே ஒரு வேதவாக்குதான்: ஆட்டத்தில் போட்ட உடுப்பைத் துவைக்கக் கூடாது. அழுக்கும் வியர்வையும்தான் அதன் மதிப்பு. ஆர்வில் தான் குளிக்க மறந்தாலும் மறப்பார், பனியனைத் தண்ணீர்ப் பக்கம் விடமாட்டார். இன்று நாலு மணிக்கு அணியின் அருங்காட்சியகத்திலிருந்து ஹாக் அம்மாள் அதை வாங்கிப்போக வருகிறார். கண்ணாடிப் பெட்டி, அதன் கீழே ஆர்வில் கோப் என்று பெயர். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதைக் கொண்டாடத்தான் அந்த பீர்.

வேறு வழியில்லாமல் ஈரத் துணியால் லேசாக ஒற்றி எடுத்தார். பீரோடு கறையும் சேர்ந்து போய்விட்டது. எழுபது வருஷத்து ரத்தம் இவ்வளவு சுளுவாகப் போகுமா என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இல்லை.

மனைவி ஐரீன் சர்ச்சில் பழைய துணி விற்பனைக்குப் போயிருந்தாள். ஆர்வில் அலமாரியைத் திறந்து, அந்த வீட்டில் யாரும் சாப்பிடாத பீட்ரூட் டின்களைத் தள்ளிவிட்டு, கெட்சப்பை எடுத்துத் தடவினார். ஆரஞ்சு நிறம் வந்தது. கொஞ்சம் பழசாகத் தெரியட்டும் என்று காபியை விட்டார். நெஞ்சிலிருந்தது இடுப்பு வரை இறங்கியது.

பக்கத்து வீட்டு லைலைக் கூப்பிட்டார். லைல் பழைய ஆட்ட டிக்கெட்டுகள் சேர்ப்பவர், விஷயம் தெரிந்தவர்.

"ரத்தத்துக்கு ரத்தம்தான் சரிப்படும், ஆர்வில்."

ஊசியால் விரலைக் குத்திப் பார்த்ததில் ஒன்றும் தேறவில்லை. வோயிக் வாங்கிய இடத்திலேயே தானும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்து, ஆர்வில் பனியனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

"மெதுவா அடி."

"முப்பது வருஷமா உன் கதைய நான் தாங்கியிருக்கேன். ஒரு குத்து நீ தாங்க மாட்டியா?"

நட்புக்காக விட்ட குத்து மாதிரி அது இல்லை. ரத்தம் எண்ணின் மேல், தரையில், லைலின் செருப்பில் எல்லாம் விழுந்தது. விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழவில்லை.

வாசல் மணி அடித்தது. அதே சமயம் பின்கதவு வழியாக ஐரீன் உள்ளே வந்தாள். கணவனின் மூக்கைப் பார்த்தாள், பனியனைப் பார்த்தாள். ஆர்வில் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நெட்டை வோயிக்கின் ரத்தத்தைத் தன் கையாலேயே துடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"அழாதே. போய் அந்தம்மாவ உக்கார வச்சு உன் கதைய ஆரம்பி. நீ முடிக்கிறதுக்குள்ள நான் இதைத் துவைச்சுக் காயவே வச்சுடுவேன்" என்று ஐரீன் பனியனை உருவிக்கொண்டாள்.

"கறை?" என்றார் ஆர்வில்.

ஐரீன் அலமாரியிலிருந்து ஒரு பீட்ரூட் டின்னை எடுத்துத் திறந்தாள்.

"நாத்தம் தாங்காம வருஷா வருஷம் துவைச்சுட்டு, கறையத் திரும்ப நான்தானே வைக்கிறேன்."